இன்று வராத மழை

திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது.
மேற்கே மலாக்கா நீரிணைமேல் வானம்
அடிப்பிடித்த சட்டியாகக் கறுக்கிறது.
என் மேசையில் எட்டுத் திரைகள்.
ஏழில் எண்கள். ஒன்றில் மட்டும் வானம்.
துவாஸில் ஒரு கிடங்கின் கூரைமேல்
மல்லாந்து கிடக்கும் கேமரா
இமைக்காமல் பார்ப்பதை
நான் இமைத்து இமைத்துப் பார்க்கிறேன்.
மேகம் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

முதலில் தெங்கே நீர்த்தேக்கத்தில்
மிதக்கும் பலகைகள் கண் மூடும்.
பிறகு ஜூரோங், புக்கிட் பாத்தோக்,
வீவக மொட்டைமாடிகள் ஒவ்வொன்றாக,
யாரோ பாயைச் சுருட்டிக்கொண்டே
கிழக்கே நடப்பதுபோல.
கடைசியில் பொங்கோல்.
அதற்காக எவர் வீட்டு மின்விசிறியும்
தயங்கிவிடக் கூடாது.
நொடிக்கு ஐம்பது துடிப்பு. ஐம்பதுதான்.
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு என்றால்
ஹைருல் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

எரிவாயுச் சுழலிகளுக்கு உடம்பு கனம்.
எழுப்பினால் சோம்பல் முறித்துத்தான் வரும்.
அதுவரை தாங்க
ஜூரோங் தீவில் வரிசையாய் வெள்ளைப் பெட்டிகள்,
கப்பல் ஏறவே போகாத கன்டெய்னர்கள்.
நேற்று தொழிற்சாலைகள் பாதி உறக்கம்;
வெயில் மிஞ்சியது; வாரி உள்ளே போட்டோம்.
திங்கள் காலைக்கென்று
எடுத்துவைத்த ஞாயிறு.

மேகத்தைத் தூதுவிட்ட மொழி என்னுடையது.
நானோ மேகத்துக்கு முன்னால் ஓடுகிற தூதன்.
முதல் தகவல் பெட்டிகளுக்கு.
இரண்டாவது, எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாதது,
என் அக்காவுக்கு.

பொங்கோல், பன்னிரண்டாம் மாடி.
சமையலறை ஜன்னலுக்கு வெளியே
மூங்கில் கழிகளில் நீட்டிய துணி.
அப்பாவின் பீஷான் வீட்டை விற்றதிலிருந்து
மூன்று வருடமாய்ப் பேச்சில்லை.
தீபாவளிக்கும் இல்லை.
ஒருநாள் கை தானாக அடித்தது:
‘மழை. நாற்பது நிமிடம்.’
இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை.
அடுத்த மழைக்கும் அனுப்பினேன்.
நான்காவது மழைக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.
அதிலிருந்து எழுபது சொச்சம் மழை,
எழுபது சொச்சம் கட்டைவிரல்.
என் அக்கா மதுரவல்லியை
இப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இன்றும் அனுப்பினேன்: ‘மழை. முப்பத்தெட்டு நிமிடம்.’
ஹைருல் பெட்டிகளைத் தயாராக்கினான்.
அறையில் யாரும் பேசவில்லை.

துவாஸில் நான்கு சொட்டு.
தெங்கேமேல் நிழல் போயிற்று, எண்கள் சரிந்தன;
பெட்டிகள் ஒரு நொடிக்குள் தோள் கொடுத்தன.
ஐம்பது ஐம்பதாகவே நின்றது.
அவ்வளவுதான்.
புக்கிட் தீமாவைத் தாண்டுமுன்
மேகம் மனம் மாறிக் கரைந்துவிட்டது.
முக்கால்வாசி ஞாயிறு
தொடப்படாமல் பெட்டிகளிலேயே இருக்க,
ஹைருல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்
தே தாரிக் வாங்கப் போனான்.
கணிப்பு ஏன் பொய்த்தது என்று
நான் அறிக்கை எழுதவேண்டும்.

பதினொன்று இருபத்தாறுக்கு ஃபோன் அதிர்ந்தது.
‘எங்கடா உன் மழை?
ஈரத்துணி எல்லாம் ஹால்ல கெடக்கு.’

ஏழு சொற்கள். எண்ணிப் பார்த்தேன்.
அதில் ஒன்று ‘டா’வில் முடிகிறது.

‘வந்து காயப்போடட்டுமா’ என்று அடித்தேன். அழித்தேன்.
‘பங்குப் பணம்’ என்று தொடங்கினேன். அதையும்.
திரையில் பொங்கோல் கூரைகள்
முழு வீச்சில் கொட்டிக்கொண்டிருந்தன.
அவள் ஹாலில் சுற்றும் மின்விசிறி
நேற்றைய வெயிலைத் தின்கிறதா இன்றையதையா?
கம்பியில் கலந்தபின்
உன்னுடையது என்னுடையது என்று
எந்த மீட்டராலும் பிரிக்க முடியாது.

‘கணக்குத் தப்பு, அக்கா.
திரும்பக் கழியில் போடு.
ஆறு மணிவரை வெயில்தான்.’
அனுப்பிவிட்டேன்.

தே தாரிக்கோடு திரும்பிய ஹைருல்
உட்காராமல்
எட்டாம் திரையின் மேற்கு மூலையைக் காட்டுகிறான்.